மலேயாக்காரரின் தாத்தா

“தாத்தா பேரே தெரியாம எப்படித் திதி குடுக்கிறது? பழைய பதிவைத் தேடிப் பாக்க ஒரு மாசச் சம்பளம் கேக்கிறாங்க. ஊருக்கே திரும்பிப் போறேங்க” என்றார் மலேயாவிலிருந்து வந்தவர்.

விருத்தாசலம் லாட்ஜ் மேனேஜர் பழமலைக்குப் பகீரென்றது. பதிவு தேடும் கட்டணம் ஏறியதிலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்கள் இப்படித்தான் ரயிலேறிவிடுகிறார்கள். அறைகளெல்லாம் காலி.

“இருங்க, விசாரிச்சுட்டு வரேன்.”

டீ குடித்துவிட்டுத் திரும்பியவர், வாயில் முதலில் வந்த பெயரைச் சொன்னார்: “கொளஞ்சியப்பன்.”

மறுநாள் காலை மணிமுத்தாற்றில் அந்தப் பெயருக்குப் பிண்டம் வைத்தார் மலேயாக்காரர்.

மதியம் வீட்டில், ரெண்டு வருஷமாய்ப் படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்குச் சோறு பிசைந்தார் பழமலை.

“வேணாம்டா. காலையிலயே ஆத்தங்கரையில சாப்பிட்டேன்” என்றார் கொளஞ்சியப்பன்.

அவர் உதட்டோரம் கறுப்பு எள் ஒட்டியிருந்தது.