பதினொன்றாவது தலையணை

தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரசு மருத்துவமனை இனி காகித பில்லைத் தொடாதாம், எல்லாம் ஆன்லைனில்தான். பத்துத் தலையணை கொடுத்தாள், பத்து என்றே ஏற்றினாள். கணினியோ பிடித்த பிடியை விடாமல் திருப்பி அனுப்பியது: ‘பெற்றது பதினொன்று.’

பில் மூன்றாம் முறை திரும்பியதும் மருத்துவமனைக் கிடங்குக்கே ஓடினாள்.

“நானே எண்ணினேன்க்கா. எல்லாம் உங்க தையல்தானே?” என்றார் கிடங்குக்காரர்.

அவள் தையல்தான். அவர் காட்டிய அடுக்கில் கடைசித் தலையணையின் ஓரத்தில் நீல நூலில் ஒரு பூ. போன மாதம் கணவனை அடக்கம் செய்தபோது அவன் தலைக்கடியில் அவளே வைத்தது. துளி மண்கூட ஒட்டவில்லை.

“பதினொண்ணுன்னு மாத்துங்கக்கா, பாஸாயிடும்.”

அங்கேயே கைபேசியில் மாற்றினாள். உடனே ஏற்றுக்கொண்டது.

தலையணையின் நடுவில் தலை பதிந்த பள்ளம். கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.