சூளைக் கணக்கு

“நம்ம புள்ளையை ஏன் இப்படி ஒட்டடைக் குச்சியாட்டம் நீட்டி வெச்சிருக்கீங்க?” ஈரக் களிமண் உருவத்தைச் சுற்றி வந்தபடி கேட்டாள் சிற்பியின் மனைவி.

“மண்ணு காய்ஞ்சு, சூளையில வெந்தா சுருங்கும். அதுக்கும் சேர்த்துத்தான் பண்ணியிருக்கேன்.”

“அதுக்குன்னு இவ்வளவா? அவன் என் தோளுக்குத்தான் வருவான். பெத்தவளுக்குத் தெரியாதா?”

“சூளையிலேர்ந்து வரட்டும், பேசிக்கலாம்.”

மாதக் கடைசியில், சுட்டெடுத்த பாகங்களைப் பொருத்திச் சிலையை நிறுத்தினார். சுருங்கித்தான் இருந்தது. ஆனாலும் மகன் அவளைவிட ஒரு சாண் உயரமாக நின்றான்.

“நான் அப்பவே சொன்னேன்ல, உங்க கணக்கு தப்புன்னு. பாருங்க, உங்களையே தாண்டிட்டான்” என்று சிரித்தாள்.

சிற்பி துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கணக்கு சரிதான். ஆரம்பிக்கும்போதே உன் தங்கச்சிக்குப் போன் போட்டு, அவனைக் கதவோரம் நிக்க வெச்சு அளக்கச் சொன்னேன். நாமதான் போன்ல மூஞ்சியை மட்டும் பார்த்துட்டு இருக்கோம்.”

“என் தோளுக்குத்தானே இருந்தான்?”

“அது நம்மளை நாட்டைவிட்டுத் துரத்தின அன்னிக்கு.”

அவள் சிலையை நெருங்கி நின்றாள். மகன் முகத்தை முதல்முறையாக அண்ணாந்து பார்த்தாள்.