ஹார்லன் கைக்கு ஒரு துப்பாக்கி

“இந்த ரெண்டு விரல்தான் தம்பி வேலை செய்யும். மத்த மூணும் இல்லேன்னே வெச்சுக்குங்க.”

வெர்னா இடது கையை நீட்டிக் காட்டினாள். மூன்று விரல்களை மடக்கி, பிளாஸ்திரி சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கென்டக்கியின் அந்தச் சின்ன ஊரில், துப்பாக்கி சுடும் கூடத்தோடு சேர்ந்த கடையில் டாரெல் பதினெட்டு வருஷமாக நிற்கிறான். எத்தனையோ பேர்வழிகளைப் பார்த்திருக்கிறான். கையைக் கட்டிக்கொண்டு சுட வந்தவளை இன்றுதான் பார்க்கிறான்.

“கையில என்ன அடி மேடம்?”

“எனக்கு ஒண்ணுமில்ல. இது என் வீட்டுக்காரர் ஹார்லனோட கை. மூட்டுவாதத்துல மூணு விரல் மடங்கியே போச்சு. அவருக்கு வாங்கற துப்பாக்கிய அவர் கையாலதானே சோதிச்சுப் பார்க்கணும்?”

நியாயம்தான். ஆனால் தனியாக வருகிறவர்களுக்கு வாடகைத் துப்பாக்கி தரக்கூடாது என்று அங்கே ஒரு விதி. வாழ்க்கை வெறுத்து வந்தவர் யாரென்று நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? சொந்தத் துப்பாக்கியோடு வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. டாரெல் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

வெர்னா கோபித்துக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பழைய ரிவால்வரை, குண்டில்லாமல், உருளையைத் திறந்தபடியே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஹார்லனோடது. முப்பத்தொரு வருஷம் ஷெரிப் ஆபீஸ்ல போலீஸா இருந்தார்.”

“அருமையான சாமானாச்சே! விசைய அழுத்தினாப் போதும், வெடிச்சிரும். முடங்கின கைக்கு இதவிட சுலபம் எதுவுமில்ல. இத எதுக்கு மாத்தறீங்க?”

“நாளைக்கு அவருக்கு எழுபத்தெட்டு முடியுது. பிறந்தநாளுக்குப் புதுசா, சின்னதா ஒண்ணு குடுத்தா இத மனசார விட்டுருவார்.”

“தப்பா நெனைக்காதீங்க. இந்த வயசுல, இந்தக் கையோட, துப்பாக்கி அவசியமா?”

“என் பசங்களும் இதத்தான் கேக்கறாங்க. பிடுங்கி ஒளிச்சு வைங்கறாங்க. ஒரு தடவ வெச்சேன். வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டார். ரெண்டு நாள் சாப்பிடல. ‘என்னைக் கையாலாகாதவன்னு முடிவு பண்ணிட்டீங்களா’ன்னு தேம்பித் தேம்பி அழுதார். தினம் காலைல குண்டு இருக்கான்னு பார்த்து இடுப்புல சொருகினாத்தான் அவருக்குக் காபி இறங்கும். அந்த மனுஷனோட மரியாதை இதுல இருக்கு தம்பி. அவர் கைக்குச் சரியா ஒண்ணு வேணும், அவ்வளவுதான்.”

டாரெலுக்குத் தன் அப்பா நினைவு வந்தது. கார் சாவியை அவரிடமிருந்து வாங்கிய நாளுக்குப் பிறகு அவர் வாசல் பக்கமே வரவில்லை. இந்த அம்மாளுக்கு நல்லதாக ஒன்று பார்த்துக் கொடுத்தே தீருவது என்று முடிவு செய்துகொண்டான்.

“புதுசா வந்திருக்கு, கையடக்கம். பலமில்லாத கைக்குன்னே செஞ்சது. இந்த மேல்பாகத்தைப் பின்னால இழுத்து விடணும். அப்பத்தான் குண்டு உள்ள ஏறும்.”

காதடைப்பும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு சுடும் இடத்துக்குப் போனார்கள். வெர்னா இரண்டு விரலால் இழுத்தாள். சிரமமே இல்லாமல் வந்தது. ஐந்து தடவை சுட்டாள். ஐந்தும் குறிக்காகத் தொங்கிய காகிதத்தின் நடுவில்.

“பிரமாதம் மேடம்!”

“இது வேணாம்.”

அடுத்ததைக் கொடுத்தான். மூன்றாவது முயற்சியில் மேல்பாகம் நகர்ந்தது. அதுவும் வேண்டாமாம். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டார்கள்.

“கண்ணாடிப் பெட்டி ஓரத்துல ஒண்ணு இருந்துதே, குட்டியா?”

“ஐயோ, அது வேணாம் மேடம். அளவுதான் சின்னது, உள்ள இருக்கறது முரட்டு ஸ்பிரிங். போன வாரம் லாரி ஓட்டறவரே முக்கி முனகித்தான் இழுத்தார்.”

“எடுத்துட்டு வாங்க.”

வெர்னா இரண்டு விரலால் பற்றி இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அசையவில்லை. போலீஸ்காரர்கள் ஒற்றைக் கையால் செய்வதுபோல் மேல்பாகத்தை இடுப்பு பெல்ட்டில் முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். ஊஹூம்.

“இழுக்காம விசைய அழுத்தினா?”

“ஒண்ணும் ஆகாது. இழுக்காம குண்டு பெட்டிய விட்டு உள்ள ஏறாதே.”

“குண்டு அடுக்கற பெட்டி மட்டும் தனியா கழண்டு வருமா? தினம் எடுத்துப் பார்ப்பார்.”

“பொத்தான அமுக்கினா வந்துரும். அது சுலபம்.”

வெர்னா வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். “இதையே என் பேருக்கு பில் போடுங்க.”

டாரெலுக்குச் சுருக்கென்று வந்தது. பதினெட்டு வருஷத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் அவன் குரலை உயர்த்தியதில்லை.

“மன்னிச்சுக்குங்க மேடம், என்னால மனசு ஒப்பி விக்க முடியாது. ஆபத்துன்னு ஒண்ணு வந்தா அந்த மனுஷன் இத வெச்சுக்கிட்டு என்ன செய்வார்? சுடவே முடியாத துப்பாக்கியக் குடுத்து அவர ஏமாத்தறீங்க!”

வெர்னா விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை மெதுவாகப் பிரித்தாள். இரத்தம் ஓடாமல் வெளுத்திருந்த விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

“போன செவ்வாக்கிழமை தோட்டத்துல தக்காளி பறிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வந்தேன் தம்பி. ரிவால்வரை என் நெஞ்சுக்கு நேரா நீட்டி, கண்ணெல்லாம் தண்ணியா நின்னு கேட்டார்: ‘யாரு நீ? என் வெர்னாவ என்ன பண்ணினே?’”