பார்த்து இறங்குங்கம்மா

“பார்த்து இறங்குங்கம்மா. தலை சுத்துதா?” என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார் ஸ்கேன் எடுப்பவர். செருப்பைக்கூட அவள் காலருகே நகர்த்தி வைத்தார்.

வெளியே வந்தவளின் முகம் சிவந்திருந்தது. கணவருக்கோ வாயெல்லாம் பல்.

“கதவு வழியா கேட்டுச்சு. போன தடவை வள்ளுன்னு விழுந்த ஆளா இது? மேனேஜர்கிட்ட போட்டுக்கொடுத்தேன். பெட்டிப் பாம்பா அடங்கிட்டான் பாரு!”

“உங்களை யாரு போட்டுக்கொடுக்கச் சொன்னது?”

“உனக்காகத்தானே…”

“எனக்காகவா! ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எனக்கு இருந்த ஒரே தைரியம் அந்த ஆளோட திட்டுதான். ஒவ்வொரு தடவையும் திட்டித்தான் அனுப்பினான். கேன்சர் எங்கேயும் பரவலைன்னு ரிப்போர்ட் வந்துச்சு. போன தடவை எனக்கு முன்னால போன அம்மாவை மட்டும் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டான். அவங்களுக்கு ஈரல் வரைக்கும் பரவியிருந்துச்சு. இப்ப அவன் உங்க புகாருக்குப் பயந்தானா, படத்துல எதையாவது பார்த்தானா? நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கிட்டீங்களே!”

அதற்குள் உள்ளேயிருந்து அந்த ஆளின் குரல் அடுத்த நோயாளி மேல் பாய்ந்தது.

“யோவ், அசையாதேன்னா அசையாதே! காது கேக்காதா?”

“பார்த்தியா, இவன் திருந்தவே இல்லை! அந்த மேனேஜர் இவன்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலை போலிருக்கு!” என்று பல்லைக் கடித்தார் கணவர்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், தான் சொன்னது அவருக்கே உறைத்தது.