ஏற்றத்துக்கு அப்பால்

ஏற்றத்தின் பாதியில் மிதிப்பதை நிறுத்திப் பார்த்தாள்.

வண்டி நிற்கவில்லை. கைப்பிடியைத் திருகியதும் மோட்டார் முனகிக்கொண்டே மேலே இழுத்தது.

பின்னால் ஐஸ் பெட்டி நிறையச் சாளை மீன். மூன்று சக்கரம், சாயும் பயமில்லை.

நெஞ்சில் கை வைத்தாள். துடிப்பு சீராக இருந்தது.

போன வருடம் இதே ஏற்றத்தில்தான் தலையில் மீன் நிறைந்த பனையோலைக் கடவத்தோடு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இதய வால்வை மாற்றினார்கள். இனித் தலைச்சுமை கூடாது, மேட்டில் நடக்கக் கூடாது என்றார் டாக்டர்.

கடற்கரையிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் மேடுதான்.

பதினொரு மாதம் வீட்டில் இருந்தாள். சும்மா இருந்து சாப்பிடுவது அவளுக்கு வரவில்லை. கழுத்துச் சங்கிலியை விற்று இந்தப் பேட்டரி சைக்கிளை வாங்கினாள்.

மகன் இரண்டு நாள் பேசவில்லை.

முன்னால் ஒருத்தி நடந்துபோனாள். தலையில் கடவம், இடுப்பில் ஒரு கை.

பிளாரன்ஸ்.

இவள் படுத்திருந்த மாதங்களில் இவளுடைய மூன்று தெருக்களிலும் மீன் விற்றவள்.

முப்பது வருடம் இவள் கூவிய தெருக்கள்.

முந்திவிடலாம். இரண்டு நிமிடம் போதும்.

சத்தம் கேட்டு பிளாரன்ஸ் ஓரம் ஒதுங்கினாள். வண்டியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"வந்துட்டியளாக்கா."

பிளாரன்ஸ், கடலுக்குப் போன புருஷன் திரும்பாதவள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு.

இவள் பிரேக்கைப் பிடித்தாள்.

"அந்தத் தெருவெல்லாம் நீயே பாத்துக்க பிள்ள. கான்வென்ட் பக்கத்து டீச்சருக்கு மட்டும் நெத்திலிய தலை கிள்ளிக் குடு. இல்லேன்னா வாங்கமாட்டா."

"அப்ப நீங்க எங்க போவிய?"

அவள் மேலே கை காட்டினாள்.

ஏற்றம் முடிந்து, வாழைத்தோட்டங்கள் தாண்டி, குளத்தங்கரை வழியாக ஏழு கிலோமீட்டரில் ஒரு ஊர். கடவம் சுமந்தவர்கள் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. போய்ச் சேர்வதற்குள் மீன் கெட்டுவிடும். அதற்கு முன்னால் கால் போய்விடும்.

பிளாரன்ஸ் கடவத்தைச் சரிசெய்துகொண்டாள். வண்டி வளைவில் திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.

வாழைத்தோட்டங்களைத் தாண்டியதும் காற்றில் உப்பு இல்லை.

முதல் வீட்டின் முன் நிறுத்தினாள். கூவினாள். இத்தனை மாதம் கிடப்பில் கிடந்த குரல், முதலில் உடைந்தது.

இரண்டாம் தடவை தெரு முழுக்கக் கேட்டது.

ஒரு கதவு திறந்தது. எதிரில் இன்னொன்று.

சட்டியோடு வந்த பெண் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு வண்டியை. பிறகு அவளை.

"இண்ணைக்குப் பிடிச்ச மீனா! இங்க வரைக்கும் யாரும் வந்ததில்ல. நாளைக்கும் வருவியளா?"

அவள் தராசை எடுத்தாள்.

"நாளைக்கு என்ன மீனு வேணும், சொல்லுங்க."