தானே கூப்பிடும் பெட்டி

மதிய வெயில் காலிக் கட்டிலின் மேல் விழுந்திருக்கிறது. சுவரிலுள்ள பெட்டியின் பிளக்கை அவன் பிடுங்குகிறான். கரண்ட் போனால் தானே போன் செய்யும் பெட்டி அது. நேற்றுவரை மின் அலுவலகத்துக்கு, இன்று அவன் எண்ணை மாற்றிவிட்டதால் அந்த அலுவலகப் பொறியாளரின் வீட்டுக்கு. பெட்டியோடு இணைந்த போனை அவன் காதில் வைக்கிறான்; அவன் மனைவி முன்பு பதிந்துவைத்த குரல் பேசுகிறது: "கரண்ட் இல்ல சார். மூச்சு மெஷின் நின்னுடும், சீக்கிரம் வாங்க." "ஏங்க, யாரோ பொண்ணு, பாவம்" என்கிறாள் பொறியாளரின் மனைவி. "அந்தப் பெட்டியா? ரிசீவரை எடுத்துக் கீழ வை, தானா அடங்கும்" என்கிறார் அவர் உள்ளிருந்து. கரண்ட் போய் மெஷின் நின்ற அன்றும் அலுவலகத்தில் அதைத்தான் செய்தார். "மனசு வருமாங்க?" என்றவள் போனில் கேட்கிறாள்: "வீடு எங்கம்மா?" அவன் வாய் திறக்கிறான். "அவ செத்து மூணு மாசமாச்சுக்கா. எப்படின்னு உங்க வீட்டுக்காரரையே கேளுங்க." உள்ளறைக்கு விரையும் காலடிச் சத்தம் கேட்கிறது. அவன் போனை வைக்காமல் காதைக் கொடுக்கிறான்.