நாலாம் நம்பர் நாற்காலி

பார்சல் மேசைக்கடியில் இருந்தது. மணி ஒன்று ஐம்பது. இன்னும் பத்து நிமிடம். என்னால் உட்காரவே முடியவில்லை.

"என்னடி, நாற்காலியில முள்ளு கிள்ளு இருக்கா?" ஐந்தாம் இருக்கை அக்கா ஹெட்செட்டைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

விமானப் பயணத்தில் பெட்டியைத் தொலைத்தவர்கள் போன் செய்யும் அறை எங்களுடையது. ஆறு இருக்கைகள். காலை ஆறு முதல் இரண்டு வரை நாங்கள்; மூன்று முதல் பதினொன்று வரை மாலைக்காரர்கள். நடுவில் ஒரு மணி நேரம் அறையைப் பூட்டித் துடைப்பார்கள். அதனால், சேர்ந்து ஏழு மாதமாகியும், என் நாற்காலியில் மாலையில் உட்காருபவரை நான் பார்த்ததே இல்லை.

வருடக் கடைசியில், யார் கொடுத்தது என்று சொல்லாமல் பரிசு கொடுத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்து வைத்தவர் எங்கள் சூப்பர்வைசர். இரண்டு ஷிப்டிலும் எல்லாரும் அவரைக் கூப்பிடுவது 'சித்தி' என்றுதான். தினமும் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கைப்பையோடு நுழைந்து, "இன்னும் மெஷினப் போடலையா?" என்று விரட்டிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போவார்.

யாரும் தேடி வராத ஒரு தொப்பியில் பன்னிரண்டு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். பெயர் கிடையாது. இருக்கை எண்ணும் ஷிப்டும் மட்டும்.

"வாயத் திறந்து சொன்னவங்க ஒரு மாசம் எல்லாருக்கும் டீ போடணும்."

எனக்கு வந்த சீட்டில் இருந்தது: நாலு, மாலை. என் நாற்காலியேதான்.

அன்று நான் கத்தாமல் இருந்ததே பெரிய விஷயம்.

காரணம், போன மாதம் வந்த ஓர் அழைப்பு. ஒரு தாய். தொலைந்த பெட்டிக்குள் மகளின் துணி முயல்; அதற்கு ஒற்றைக் காது. மூன்று நாளாகக் குழந்தை தூங்கவில்லை. ஐந்து விமான நிலையங்களுக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து போய்விட்டேன். வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை என் திரையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

"முயல் உரியவரிடம் சேர்க்கப்பட்டது. தூங்கிவிட்டாளாம்."

முதல் வரி எங்கள் படிவத்தில் உள்ளது. இரண்டாவதைப் படிவம் கேட்பதில்லை.

மாலையில் என் இடத்தில் உட்காரும் அந்த மனுஷருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குள்ளம். தினமும் காலையில் நாற்காலி அடிமட்டத்துக்குத் தாழ்ந்திருக்கும். அப்படியும் கால் எட்டாமல், கீழ்க்கம்பியில் செருப்பு உரசிய தடம். பாவம் என்று நானும் கிளம்பும்போது மறக்காமல் தாழ்த்தி வைத்துவிட்டுப் போவேன்.

தச்சரிடம் சொல்லிக் கால் வைக்க ஒரு குட்டி ஸ்டூல் செய்து வாங்கினேன். உப்புத்தாள் தேய்த்தது நான். பக்கவாட்டில் ஒற்றைக் காது முயலை வரைந்ததும் நான்.

இரண்டேகால். டீ அறை. இரண்டு ஷிப்டும் முதல் தடவையாக ஒரே இடத்தில். சித்தி கைதட்டினார்.

"ம், பிரிங்க! என்ன, பரீட்சை எழுத வந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

என் பார்சலை எடுத்தவர், கதவு நிலைக்குக் குனிந்து உள்ளே வந்த ஆள்.

பிரித்தார். ஸ்டூலைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார்.

"எனக்கெதுக்குப்பா இது? நான் தரையில நின்னே ட்யூப்லைட் மாத்துவேன்!"

அறையே சிரித்தது. நான் மட்டும் எழுந்து அவர் பக்கத்தில் போனேன்.

"காலைல நாற்காலி தாழ்ந்திருக்கே?" வாயைத் திறந்தாகிவிட்டது; இனி ஒரு மாசம் டீ என் பொறுப்பு.

"நீதானா நாலு? தாழ்த்தி வெச்சுட்டுப் போறது நீதானம்மா! நான் உன்னத்தான் குள்ளம்னு நெனச்சேன். நான் போறப்ப உச்சத்துல இருக்கும்." ஸ்டூலைத் திருப்பினார். "ஆமா, இது என்ன முயல்? ஒரு காதக் காணோம்?"

அப்படியானால் அந்த மஞ்சள் சீட்டு இவர் எழுதியதில்லை.

ஐந்தாம் இருக்கை அக்கா என் காதருகே குனிந்தார். "நாலாம் நம்பர் சித்தியோட பழைய இடம்டி. அஞ்சு மணிக்கே வந்து, நாம முடிக்காததையெல்லாம் தேடிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நாம வர்றதுக்குள்ள வெளிய போயிட்டு, அப்பதான் வர்ற மாதிரி வருவாங்க. பஸ்சு சீக்கிரம் வந்த அன்னிக்குப் பார்த்துட்டேன். வெளிய சொன்னா தோல உரிப்பேன்னாங்க."

சித்தி அந்தப் பக்கம், மற்றவர்கள் பிரித்துப்போட்ட வண்ணக் காகிதங்களைக் கிழியாமல் மடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மேசைக்கு வந்தவை பன்னிரண்டு பார்சல்கள்தான். கண்ணாடி அறைக்கு இருக்கை எண் கிடையாது.

அக்கா சொன்னது உயரமானவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து, பெட்டிகளில் கட்டும் பழுப்பு அட்டை ஒன்றை எடுத்தார். "உரியவரிடம் சேர்க்கப்பட்டது" என்று எழுதிப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

இரண்டாவது வரியை நான் எழுதினேன்.

"கெளம்பறப்ப ஸ்டூல இந்த அட்டையோட நம்ம மேசைக்கடியில வெச்சுட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் காலை நான்தான் முதலில் வந்தேன். நாலாம் நாற்காலி வழக்கம்போல அடிமட்டத்தில். ஸ்டூல் ஓரமாகத் தள்ளியிருந்தது; அதன்மேல் செருப்புத் தடம். கீழ்க்கம்பியில் புதிதாக ஒன்றும் இல்லை. அட்டையைக் காணவில்லை.

திரையில் ஒரு மஞ்சள் சீட்டு. அதே கையெழுத்து.

"எனக்குச் சர்க்கரை அரை ஸ்பூன் போதும்."

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம். கதவு திறந்தது. கைப்பையோடு சித்தி.

"இன்னும் மெஷினப் போடலையா?"